நூறு கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர்?

பெற்றோல் அடிக்கும்போது பம்ப் முதல் தடவை ‘டக்’ என்று நின்றதும் கையை எடுத்துவிடுகிற ஆட்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் ஒரு மனிதரின் ஞாபகம் வரும். நாங்கள் எல்லோரும் என்ன செய்வோம்? இன்னும் கொஞ்சம் அமத்திப் பார்ப்போம். அவர் அமத்தமாட்டார். முதல் ‘டக்’, அதோடு சரி. இரண்டாந்தரம் அமத்தினால் தாங்கிக்குள் எவ்வளவு போனது, குழாய்க்குள் எவ்வளவு நின்றது, “ஆர் கண்டது?” என்பார்.

அந்த “ஆர் கண்டது?” தான் அந்த மனிதர். ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்தார். கலியாணங்களுக்கும் பெரியபிள்ளையான பெண்களின் சாமத்தியச் சடங்குகளுக்கும் மணவறை கட்டிக் கொடுப்பது அவருடைய தொழில். வெள்ளைத் தூண்கள், யானைத் தலைகள், பின்னால் நிற்கிற பெரிய வளைவு, எல்லாவற்றையும் ஒரு பென்னாம்பெரிய பிக்கப் ட்ரக்கின் முதுகில் அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி, ஸ்காபரோ, மார்க்கம், அஜக்ஸ் என்று மண்டபம் மண்டபமாகக் கொண்டுபோய் இறக்குவார். சனம் அவரை மணவறை அண்ணை என்றது. நானும் அண்ணை என்றேன். கிழமை நாட்களில் எனக்குத் தொழிற்சாலை வேலை. சனி, ஞாயிறுகளில் அவருடைய ட்ரக்கை ஓட்டினேன். அப்படி நான்கு வருடம்.

எட்டுச் சிலிண்டர் ட்ரக். குடி என்றால் அப்படி ஒரு குடி. “அண்ணை, உதை வித்துப்போட்டு ஒரு வானை எடுங்கோவன்” என்று யாராவது நல்லெண்ணத்தில் சொன்னால், சொன்னவரை மேலும் கீழும் பார்ப்பார்.

“வான் விக்கிற ஆரும் உமக்குத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினமோ?” என்று கேட்பார்.

வாகனம் வாங்கும்போது கண்ணாடியில் ஒட்டிக் கொடுக்கிற தாளில் நூறு கிலோமீற்றருக்கு இத்தனை லீற்றர் என்று போட்டிருக்கும் அல்லவா? அதை அவர் நம்பவில்லை. “உது அவங்கள் காத்துப் படாத அறைக்குள்ள வச்சு ஓடிப்பாத்த கணக்கு. அவன்ர முதுகில யானைத்தலை இருந்ததோ?” என்பார். ஓட்டுநருக்கு முன்னாலிருக்கிற திரையும் ஒரு எண்ணைக் காட்டும். அதையும் நம்பவில்லை. ட்ரக்கை விற்றவனே அந்தத் திரையையும் செய்தவன் என்பது அவருடைய வாதம். ஆகவே தானே கணக்குப் பார்த்தார். ஒவ்வொரு முறை தாங்கி நிரப்பும்போதும் எத்தனை லீற்றர் போனது, போன முறைக்குப் பிறகு எத்தனை கிலோமீற்றர் ஓடியது, வகுத்தால் என்ன வரும் என்று, முன்கண்ணாடிக்கு மேலே வெயிலுக்கு இறக்குகிற தட்டியில் ஒட்டிய வெள்ளை ரேப் நாடாவில் எழுதி வைப்பார். ரேப் நிரம்பினால் அதற்கு மேலே இன்னொரு ரேப். தட்டி தடித்துப்போய் மடிப்பது கஷ்டமாக இருந்தது.

நிரப்புவதும் எப்போதும் ஒரே இடத்தில்தான். நாலாம் நம்பர் பம்ப். ட்ரக்கின் முகம் வீதியைப் பார்த்தபடி நிற்க வேண்டும். மற்றப் பக்கம் திருப்பி நிறுத்தினால் நிலம் சரிவாம், தாங்கிக்குள் அரை லீற்றர் கூடக் குறையப் போகுமாம். நாலாம் பம்பில் வேறு யாராவது நின்றால் மூன்றாவது சும்மா கிடந்தாலும் நாங்கள் காத்திருப்போம். அதுவும் இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டு.

அதுதான் பெரிய சட்டம். ட்ரக் நகராவிட்டால் இயந்திரம் ஓடக்கூடாது. மாசி மாதத்து விடியலில், மண்டபக்காரன் வந்து கதவைத் திறக்குமட்டும் வாசலில் காத்திருந்தாலும் அப்படித்தான். மூச்சுப் பட்டுக் கண்ணாடி வெளுத்துவிடும், விரல்கள் விறைத்துவிடும்.

“அண்ணை, ஒரு அஞ்சு நிமிசம் ஹீற்றரைப் போடுவமே?” என்று ஒருநாள் கெஞ்சினேன்.

“ஓடேக்கை நூறு கிலோமீற்றருக்கு இத்தனை லீற்றர் எண்டு சொல்லலாம். நிண்டுகொண்டு எரிச்சா என்னெண்டு சொல்லுறது? பூச்சியம் கிலோமீற்றருக்கு லீற்றர் போகுது. அதுக்குக் கணக்கே இல்லைக் காணும்!” என்றார். சொல்லிவிட்டுத் தன்னுடைய தடித்த கையுறையைக் கழற்றி என் மடியில் போட்டார். வெறுங்கையைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு அந்த முக்கால் மணித்தியாலமும் இருந்தார். அப்படியும் ஒரு மனிதர்.

சும்மா சொல்லக்கூடாது, அவர் சந்தேகப்பட்ட பல விஷயங்கள் சரியாகவே இருந்தன. அதுதான் வினையாகப் போனது.

ஒருமுறை மார்க்கத்தில் ஒரு கலியாண வீட்டில் பொம்பிளைப் பகுதி ஆள் ஒருவர் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள துளையில் செருகிவிட்டால் போதுமாம், பெற்றோல் நாலில் ஒரு பங்கு மிச்சமாம், ஒன்லைனில் வாங்கினாராம். சுற்றி நின்ற ஆண்கள் எல்லோரும் ஆவென்று பார்த்தார்கள். எனக்கும் ஆசை வந்தது, பொய் சொல்வானேன். அண்ணை அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு சேட்டுப் பையிலிருந்து திருப்புளியை எடுத்து, அந்த மனிதர் “ஐயோ, என்ன செய்யிறியள்?” என்று கத்தக் கத்த மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு சின்னப் பச்சை லைற்றும் அதை மினுக்குகிற ஒரு துண்டுப் பலகையும். வேறு ஒரு இழவும் இல்லை.

“நல்லா மினுங்குது, வீட்டில சாமிப்படத்துக்குப் போடும்” என்று திருப்பிக் கொடுத்தார். நாங்கள் சிரித்த சிரிப்பில் மேளகாரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

இன்னொரு முறை என் வீட்டில். கடுங்குளிரில் வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் நின்றுவிட்டது. ஒருவன் வந்து ஏதோ புதுச் சாமான் மாற்றியதாகச் சொல்லிவிட்டுப் போனான். அண்ணை டோர்ச் லைற்றோடு வந்து பேஸ்மென்ற் நிலத்தில் மல்லாக்கப் படுத்துப் பார்த்தார். “தம்பி, இஞ்சை வாரும். புதுச் சாமானில பத்து வரிசத்துத் தூசி எப்பிடி வந்தது?” என்றார். அவன் எதையுமே மாற்றவில்லை, துடைத்துக்கூட வைக்கவில்லை. அண்ணையே தொலைபேசியில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கி, அவனை மறுபடி வரச்செய்தார். அன்றிரவு பிள்ளைகள் சூட்டில் படுத்தார்கள் என்றால் அவரால்தான்.

இதனால் என்ன நடந்தது? மணவறை அண்ணை ஒன்றைச் சந்தேகப்படுகிறார் என்றால் அதில் ஏதோ இருக்கும் என்று சனம் நம்பத் தொடங்கியது. முதலில் நம்பியவன் நான்.

அவர் தன் வாயாலேயே சிரிக்கச் சிரிக்கச் சொல்கிற ஒரு கதை உண்டு. நான் ஓட்டத் தொடங்குவதற்கு முந்தியது. ஒரு தை மாதத்தில் அஜக்ஸ் மண்டபம் ஒன்றின் பின்பக்கத்தில் ட்ரக் பனிக்குள் புதைந்துவிட்டது. மணவறை ட்ரக்கில், மாப்பிள்ளை மண்டபத்தில். இழுத்தெடுக்கிற வண்டி வருவதற்குள் முகூர்த்தம் வந்துவிட்டது. ஐயர் இரண்டு வெறும் கதிரையில் பொம்பிளை, மாப்பிள்ளையை இருத்தித் தாலி கட்டுவித்தார். அந்த வெட்கம் அண்ணையைச் சாப்பிட விடவில்லை. அடுத்த கிழமையே ட்ரக்கை உயர்த்தி, கம்பனி போட்டதைவிடப் பெரிய, கொழுத்த ரயர்கள் நாலு போட்டார். பெற்றோல் கூடப் போகும் என்று தெரியும். அதையும் கணக்குப் பார்த்து வைத்திருந்தார். முன்பு பதினாலரை, இனி ஒரு லீற்றர் கூட, பதினைந்தரை.

கதையில் அவர் சிரிப்பது அடுத்த இடத்துக்குத்தான். “ரயர் போட்டவன் சொல்லுறான், ட்ரக்குக்குள்ள இருக்கிற கொம்பியூட்டருக்கும் சொல்லோணுமாம், ரயர் பெரிசாப் போச்செண்டு! அதுக்கு வேறயா ஒரு பில்லாம். நான் கேட்டன், தம்பி, ரயர் ரோட்டிலதானே ஓடுது, கொம்பியூட்டருக்கு மேலயே ஓடுது? திறப்பைத் தா எண்டு வாங்கிக்கொண்டு வந்திட்டன். என்னட்டையே விளையாடுறான்!”

நானும் ஒவ்வொரு முறையும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அந்தக் காலத்தில் ட்ரக் ஓடியவர் அன்ரன் அண்ணை. மன்னார்க்காரர், நான் போகிற அதே தேவாலயத்துக்கு வருபவர், அதிகம் பேசாதவர். ஆறு வருடம் ஓட்டினார். பிறகு ஒருநாள் மணவறை அண்ணை அவரை நிற்பாட்டிவிட்டார். காரணம், பெற்றோல். பதினைந்தரை வரவேண்டிய இடத்தில் பதினேழு வருகிறது. நூறு கிலோமீற்றருக்கு ஒன்றரை லீற்றர் எங்கேயோ காணாமல் போகிறது. அன்ரன் அண்ணை தாங்கி நிரப்புகிற சாட்டில் தன்னுடைய பெற்றோல் கானுக்கும் கொஞ்சம் அடிக்கிறார் என்று முடிவு கட்டினார். அவர் மறுத்தார். “நான் மாதாவாணை எடுக்கேல்லை” என்று வாசலில் நின்று சொன்னாராம். “சத்தியம் வாயாலதானே பண்ணுறது, ஆர் கண்டது?” என்று பதில் வந்ததாம்.

இதை மணவறை அண்ணை எனக்குச் சொன்னார். நான் என்ன செய்தேன்? இதைத்தான் எழுத வந்தேன், மறைக்க முடியாது. அன்ரன் அண்ணைதான் ஒவ்வொரு வருடமும் மாதா திருவிழாவுக்குச் சாப்பாட்டுப் பகுதியைப் பொறுப்பெடுப்பவர். அந்த வருடக் கூட்டத்தில் அவருடைய பெயரை யாரோ சொன்னபோது நான் இருமினேன். “இல்லை, ஒரு கதை கேள்விப்பட்டனான், பாத்துச் செய்யுங்கோ” என்றேன். அவ்வளவுதான். ஒரு வசனம். அன்ரன் அண்ணை வாசலோரக் கதிரையில் இருந்தார். என்னைப் பார்த்தார். எழும்பிப் போனார். பிறகு பூசைக்கும் வரவில்லை. குடும்பத்தோடு அஜக்ஸுக்கு வீடு மாறிப் போய்விட்டதாகக் கேள்வி. வீடு அங்கே மலிவு என்று எல்லோரும் போகிற காலம், அதனால் போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் விட்ட இடத்தில் நான் ட்ரக் ஓடத் தொடங்கினேன்.

முதல் இரண்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. நிரப்புவதை அண்ணையே பார்த்துக்கொண்டார்; அப்போது வந்த பதினேழை, நான் புது ஆள், கூட மிதிக்கிறேன் என்று தள்ளிவிட்டார். பிறகு அவருக்கு முழங்கால் வருத்தம் வந்தது. வெள்ளி பின்னேரம் தாங்கியை நிரப்புகிற வேலை என்னிடம் வந்தது. நாலாம் பம்ப், முகம் வீதிக்கு, முதல் ‘டக்’. எல்லாம் அவர் சொன்னபடி செய்தேன்.

ஒரு சனிக்கிழமை அவர் தட்டியைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கேட்டார். “தம்பி, உம்மட கார் கிழமைக்கு எவ்வளவு குடிக்கும்?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. “ஏன் அண்ணை?”

“சும்மாதான் கேட்டன்.”

மண்டபம் போய்ச் சேர்ந்து யானைத் தலையைத் தூக்கும்போதுதான் விளங்கியது. தலையைக் கீழே வைத்துவிட்டு, வெளியே போய்க் குளிரில் நின்றேன். நான் பெற்றோல் எடுக்கிறேன் என்கிறார்! என்னை!

அடுத்த கிழமை தாங்கி வாய்க்குப் பூட்டுப் போட்ட மூடி வந்தது. கடையில் வாங்கியது, திறப்பு அவரிடம். இனி நிரப்பும்போது தானும் கூட வருவேன் என்றார். வந்தார், நொண்டி நொண்டி இறங்கி, பம்பின் எண்ணைக் குனிந்து பார்த்தார். அப்படியும் பதினேழு. என் கையில் திறப்பே இல்லை, பம்பைத் தொட்டது அவர், அப்படியும் பதினேழு. மனிசர் இனியாவது விடுவார் என்றுதானே நினைப்பீர்கள்? மூடியின் விளிம்பில், யாராவது திறந்தால் தெரியும்படி, மெல்லிய ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டினார். ஈரத்தில் அது கழன்று விழுந்த அன்று என்னிடம், “பூட்டுக்காரன் எல்லாத் திறப்பும் ஒரே மாதிரித்தான் செய்யிறானாம், மெய்யோ?” என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் பாவம் பார்க்கிற மாதிரிப் பேசினார். அதுதான் என்னைக் கொன்றது.

“அண்ணை, உங்களுக்கு விசரே? நாலு வரிசம் ஓடுறன். என்ர வீட்டுக்குள்ள படுத்து ஃபேர்னஸ் பாத்த ஆள் நீங்கள்” என்றேன்.

“நான் ஒண்டும் சொல்லேல்லையே. கணக்குத்தான் சொல்லுது.”

“உங்கட கணக்குப் பிழையெண்டா?”

“லீற்றரை நான் என்ர கண்ணால பாத்தனான். கிலோமீற்றர் பொய் சொல்லாது தம்பி, சில்லு சுத்தினாத்தானே அது ஏறும்.” உலகத்தில் அவர் நம்பிய ஒரே எண் அதுதான்.

பிறகு எனக்கு எல்லாமே சந்தேகமாகிவிட்டது. மண்டபத்துச் சமையல்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தால், ஏன் சிரிக்கிறார்? பூக்காரப் பெண் தன் கைப்பையை எடுத்து மற்ற மேசையில் வைத்தால், என்னைக் கண்டா வைத்தாள்? யாரிடம் சொல்லியிருக்கிறார், யாரிடம் சொல்லவில்லை? ஒருநாள் என் மனுசி தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“இஞ்சாருங்கோ, கோவிக்காதேங்கோ. எனக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கோ. எப்பவாவது கொஞ்சம் எடுத்தனீங்களோ?”

பதினெட்டு வருடம் என்னோடு வாழ்ந்தவள். அவளைக் குறை சொல்லி என்ன, மணவறை அண்ணை சந்தேகப்பட்டால் ஏதோ இருக்கும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே. தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போனேன். அன்றைக்கு வேலையை விட்டிருக்கலாம். விட்டால் என்ன சொல்வார்கள்? பிடிபட்டதால் விட்டான் என்பார்கள். ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகம் காட்டுகிற பலகை ஒன்று இருக்கிறது. வருகிற வாகனத்தின் வேகத்தைப் பெரிய எழுத்தில் காட்டும். ட்ரக்கில் நாற்பதில் போனால் அது நாற்பத்துநாலு என்று காட்டும். அண்ணைக்கு அந்தப் பலகையைக் கண்ணில் காட்டக்கூடாது. “உவங்கள் சனத்தை வெருட்டக் கூட்டி வச்சிருக்கிறாங்கள்” என்பார். நானும் அப்படித்தான் நம்பினேன். ஒரு திங்கள் காலை என்னுடைய காரில் அதே வழியால் போனேன். காரில் நாற்பது. பலகையிலும் நாற்பது.

அப்படியே ஓரமாக நிறுத்திவிட்டேன். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான், அடிக்கட்டும். பலகை சரி. கார் சரி. அப்படியென்றால் ட்ரக்? ரயர் பெரிசாகப் போச்சென்று கொம்பியூட்டருக்குச் சொல்ல வேண்டும். நான் விழுந்து விழுந்து சிரித்த கதை. பெரிய சில்லு ஒரு சுற்றில் கூடத் தூரம் போகும். ட்ரக்குக்கு அது தெரியாது, அது இன்னும் பழைய சின்னச் சில்லைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது. நாங்கள் நூற்றுப்பத்துக் கிலோமீற்றர் ஓடினால் நூறு என்று எழுதுகிறது. பெற்றோல் நூற்றுப்பத்துக்கும் எரிகிறது. ஒருவரும் ஒரு சொட்டும் எடுக்கவில்லை!

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அன்றைக்குப்போல ஒரு மனிதனைப் பிடித்து உலுக்க வேண்டும் என்ற ஆத்திரம் எனக்கு வாழ்க்கையில் வேறு எப்போதும் வந்ததில்லை.

ஆனால் சும்மா போய்ச் சொன்னால் நம்புகிற ஆளா? போனில் வரைபடத்தைக் காட்டினால் போனும் பொய் என்பார். சனிக்கிழமை மட்டும் பொறுத்தேன். அன்று அஜக்ஸில் ஒரு சடங்கு. அவரை முன் இருக்கையில் இருத்தி, வார்டன் வீதியால் 401 நெடுஞ்சாலைக்கு ஏறியபோது, நெடுஞ்சாலையிலிருந்து இறங்குகிற வெளிவாசலின் பலகையைக் காட்டிக் கேட்டேன். “அண்ணை, இந்த வெளிவாசல் நம்பர் என்ன?”

“முன்னூத்தி எழுபத்தெட்டு. ஏன்?”

“உந்த நம்பரெல்லாம் கிலோமீற்றர்தானே?”

“ஓம், ரோட்டு தொடங்கிற இடத்திலயிருந்து எண்ணுறது, அது எல்லாருக்கும் தெரியும்.”

“இப்ப ஓடின தூரம் காட்டுற மீற்றரைப் பூச்சியமாக்குங்கோ. நீங்களே அமத்துங்கோ, நான் தொடமாட்டன்.”

என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே அமத்தினார். மோர்னிங்சைட் போனது, பிக்கரிங் போனது. அஜக்ஸில் நாங்கள் இறங்குகிற வெஸ்ட்னி வெளிவாசல் நம்பர் நானூற்றொன்று. அந்தப் பலகைக்குக் கீழே போகும்போது, “எத்தினை வரோணும்?” என்றேன்.

உதடு அசைய மனதுக்குள் கழித்துப் பார்த்தார். “இருபத்திமூண்டு.”

“எத்தினை நிக்குது?”

மீற்றரில் இருபத்தொன்றுகூட முழுதாக வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். நான் வெளியே இறங்கி ஒரு கடை வாசலில் ட்ரக்கை நிறுத்தினேன். அவர் தட்டியை இறக்கி, பேனையை எடுத்து, ரேப்பில் பழைய எண்களுக்குப் பக்கத்தில் புது எண்களை எழுதத் தொடங்கினார். பதினேழு வந்த இடமெல்லாம் பதினைந்தரை. ஒவ்வொன்றும் பதினைந்தரை. அவர் முதலே போட்டு வைத்த அதே கணக்கு, தசமத்துக்குச் சரியாக.

“ரயர்” என்றார்.

“ஓம், ரயர்” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. “அந்தப் பொடியன் சொன்னவன், நீங்கள் சிரிச்சனீங்கள். என்ர மனுசி என்னைக் கள்ளனோ எண்டு கேட்டவள் அண்ணை! விளங்குதே உங்களுக்கு?”

தலையை ஆட்டினார். இன்னும் திட்ட வேண்டும் என்று வாய் திறந்தேன். ஆனால் அவர் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. விரலால் ரேப்பைச் சுரண்டினார். மேல் ரேப்பை உரித்தார், அதற்குக் கீழே இருந்ததை உரித்தார். அடியில் பழுப்பேறிப்போய் இருந்த ரேப்பில் வேறு கையெழுத்து. குண்டு குண்டான எழுத்து, ஒவ்வொரு வரியும் நேர். பதினேழு, பதினேழு, பதினாறு தொண்ணூறு.

அன்ரன் அண்ணையின் கையெழுத்து; அவர் ஓடிய காலத்தில் நிரப்பியதும் எழுதியதும் அவர்தான். பெற்றோல் திருடியதாக நாங்கள் சொன்ன மனிதர், தனக்கு எதிரான கணக்கை ஒரு புள்ளி குறைக்காமல் தானே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

என்னுடைய கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில் நான் இருமிய இருமல் காதுக்குள் கேட்டது.

“இஞ்சைதானே எங்கையோ இருக்கிறார்?” என்றார் அண்ணை.

வீடு எனக்குத் தெரியும். நத்தார்ப் பண்டிகைக்கு ஒருதரம் அந்த வீதியால் போனபோது பார்த்திருக்கிறேன், பார்த்துவிட்டு வேகமாகப் போனேன். நேரம் இருந்தது. சடங்கு மத்தியானத்துக்குத்தான். போனோம். வீட்டு வாசலில் ட்ரக்கை நிறுத்தியபோது, அவர் எதுவும் சொல்லாமல் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. நிற்பாட்டு என்ற சத்தத்துக்காக நான் கையைத் திறப்பில் வைத்தபடி பார்த்திருந்தேன். சத்தம் வரவில்லை. நானும் அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன்.

அன்ரன் அண்ணையின் மனைவி கதவைப் பாதி திறந்தார். முதலில் எங்களைப் பார்த்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் ட்ரக்கைப் பார்த்தார். முகம் மாறியது.

“அன்ரன் நிக்கிறாரோ தங்கச்சி?” என்றார் அண்ணை.

“அவர் இல்லை.”

அந்தப் பெண்ணின் காலடியில் பெரிய வேலைச் சப்பாத்து ஒரு சோடி, கழற்றி வைத்த இடத்தில் பனி உருகித் தண்ணீர் நின்றது. கொழுவியில் அன்ரன் அண்ணையின் நீல ஜக்கெற், ஆறு வருடம் இதே ட்ரக்கில் அவர் போட்டுக்கொண்டிருந்தது. உள்ளே யாரோ ஒருமுறை செருமினார். செருமிவிட்டு, அடக்கிக்கொண்டார். எனக்கு அந்தக் குரல் தெரியும். பக்கத்தில் நின்ற மனிதருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பத்து வருடத்துத் தூசியைக் கண்டுபிடித்த கண். அது சப்பாத்தில் போய் நின்றதை நான் பார்த்தேன். தண்ணீரைப் பார்த்தது. ஜக்கெற்றைப் பார்த்தது.

“எப்ப வருவார்?”

“தெரியாது.”

“வந்தால்,” என்று தொடங்கினார். வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னார், வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி. “வந்தால் சொல்லும் பிள்ளை. பிழை என்ர ரயரில. அவரில இல்லை. நான் அநியாயமாச் சொல்லிப்போட்டன்.”

எனக்கும் சொல்ல இருந்தது. அந்தக் கூட்டத்தில் சொன்னது நான் என்று சொல்ல வேண்டும். அந்தப் பெண் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவு மூடியது. உள்ளே பூட்டுத் திரும்பிய சத்தம் கேட்டது.

வீதியில் ட்ரக் வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு உறுமியபடி நின்றது, பூச்சியம் கிலோமீற்றருக்கு.

“அண்ணை, ஆள் உள்ளுக்கைதான் நிக்கிறார்” என்றேன் மெதுவாக. “சப்பாத்தைப் பாத்தனீங்களே? செருமினதும் அவர்தான். இன்னொருக்காத் தட்டுவமே?”

மணவறை அண்ணை படியில் இறங்கத் தொடங்கியிருந்தார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக.

“இல்லையெண்டு அந்தப் பிள்ளை சொல்லுது, தம்பி” என்றார். “இல்லை. வாரும், போவம்.”